இரண்டு நாளில் முளைத்த தோட்டம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் அவளுடைய முழங்கால் வலியும் சௌக்கியம். நீயும் மாப்பிள்ளையும் நன்றாக இருப்பதாகப் போனில் சொன்னாய், சந்தோஷம். டிவியில நம்ம தோட்டம் வந்துச்சே, பிடிச்சிருந்ததாப்பா என்று நீ கேட்டதற்கு ஆமாம் என்றேன். அம்மா பக்கத்தில் நின்றதால் சொன்ன பொய் அது. உண்மையை உனக்கு எழுதினால்தான் எனக்குச் சாப்பாடு இறங்கும்.

அத்தைக்கு உடம்பு முடியவில்லை, இரண்டு நாள் கூட இருந்துவிட்டு வாங்க என்று அம்மா என்னை அனுப்பினாள். போனால் அத்தை மாடிப்படியில் குதித்து இறங்கி வந்து கதவைத் திறக்கிறாள். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். திரும்பி வந்ததும், இரண்டு நாளில் தோட்டத்தையே மாற்றிக் காட்டுகிற அந்த டிவி நிகழ்ச்சிக்காரர்கள் வாசலிலேயே கண்ணைக் கட்டிப் பின்பக்கம் கூட்டிப்போனார்கள். கட்டை அவிழ்த்தால் என் எலுமிச்சை மரத்தைக் காணோம், உடைந்த வாளிகளில் வைத்திருந்த ரோஜா காணோம், அவரைப் பந்தலைக் காணோம். பிளாஸ்டிக் புல், வெள்ளைக் கூழாங்கல், உட்கார்ந்தால் இடுப்புப் பிடிக்கிற ஒரு பெஞ்சு. எல்லோரும் கைதட்டுகிறார்கள், அவர்களோடு சேர்ந்து உன் அம்மாவும் தட்டுகிறாள். நிகழ்ச்சி நடத்துகிற பெண்ணின் நகத்தில் ஒரு துளி மண் இல்லை.

நீ சின்னவளாக இருந்தபோது ஞாயிற்றுக்கிழமை காலையில் என் மடியில் உட்கார்ந்து டிவியில் தோட்ட நிகழ்ச்சி பார்ப்பாயே, அதில் நீ மண்வெட்டி மாமா என்று பேர் வைத்த மனிதர், போன வாரம் நட்டது பட்டுப்போச்சு, ஏன்னு பார்ப்போம் வாங்க என்று கூசாமல் சொல்வார். பட்டுப்போன செடியைக் காட்ட அன்றைக்கு டிவிக்கு நேரம் இருந்தது. அப்புறம் தோட்டத்தில் அடுப்பை வைத்துச் சமைக்கிறவர்கள் வந்தார்கள், அப்புறம் மார்க் போட்டு ஆளை அழவைக்கிற நடுவர்கள் வந்தார்கள், இப்போது செடிக்கே அங்கே வேலையில்லை, வீட்டுக்காரன் வாயைப் பிளந்தால் போதும். இதையெல்லாம் திட்டிக்கொண்டே ஒன்றுவிடாமல் பார்த்தவன்தான் நான், நம் வீட்டுக்கே வருவார்கள் என்று கண்டேனா? மறுநாள் தண்ணீர் ஊற்றப் போய்க் கிளறிப் பார்த்தால் பூச்செடி எல்லாம் நர்சரித் தொட்டியோடு மண்ணுக்குள் உட்கார்ந்திருக்கிறது. மத்தியானம் ஒரு வண்டி வந்து பாதியைப் பிடுங்கி ஏற்றிக்கொண்டு போனது, படம் பிடிக்க வாடகைக்கு வாங்கியதாம். இப்போது அங்கே வெறும் குழிதான். அம்மா அந்தப் பக்கமே போவதில்லை.

ஆனால் நான் அழுதது இதற்கெல்லாம் இல்லை. ஆனந்தக் கண்ணீர் என்று டிவியில் எழுத்துப் போட்டு வயலின் வாசித்தார்களே, முடிவெட்டுகிற தம்பிகூட எனக்குக் கைகொடுத்தானே, அந்த அழுகையைச் சொல்கிறேன். கைதட்டி முடித்ததும் நீ அங்கிருந்து பேசி அனுப்பிய வீடியோவைப் போட்டுக் காட்டினார்கள். எங்க அப்பா தோட்டம் ஒரே குப்பைக்காடு, ஸ்கூல் படிக்கிறப்போ ஒரு ஃப்ரெண்டைக்கூட வீட்டுக்குக் கூட்டிட்டு வரமாட்டேன், அவ்வளவு வெட்கமா இருக்கும் என்று நீ சிரித்துக்கொண்டே சொன்னாய். இரண்டு கேமரா என் முகத்தின் மேல் இருந்தது. வெளிச்சம் பத்தவில்லை, இன்னொரு தரம் கண்ணைத் துடைங்க சார் என்றார்கள், துடைத்தேன். ஊருக்கே சொன்னதை என்னிடம் ஒரு தரம் சொல்லியிருக்கக் கூடாதா? வாளிகளை நானே ஓரங்கட்டியிருப்பேனே. பெற்ற பெண்ணே என்னைக் காட்டிக் கொடுத்துவிட்டாள் என்றுதான் அன்றைக்குத் தோன்றியது, இன்றைக்கும் அது மாறவில்லை. நம்ம பாப்பாவுக்குச் சிநேகிதமே அமையலையே, யாரோடயும் ஒட்டமாட்டேங்குறாளே என்று நானும் அம்மாவும் அந்த நாளில் எவ்வளவு கவலைப்பட்டோம் தெரியுமா? காரணம் நான்தான் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்.

கோபத்தில் எழுதினாலும் நீயும் மாப்பிள்ளையும் எந்தக் குறையும் இல்லாமல் நீடூழி வாழவேண்டும் என்பதுதான் எப்போதும் என் ஆசீர்வாதம். அங்கே குளிர் அதிகம் என்றாய், காதை மூடிக்கொண்டு வெளியே போ. லீவு கிடைத்தால் வா. யாரை வேண்டுமானாலும் கூட்டிக்கொண்டு வா, வெட்கப்பட இங்கே இப்போது ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
உன் அப்பா