காலமானவர்களுக்கும் போன வாழ்த்து

ரூசே,
புதன்கிழமை

அன்பு மகன் யாவோருக்கு,

அம்மா எழுதுவது. முழங்கால் வலியைத் தவிர எனக்கு ஒரு குறையுமில்லை, பூனையும் சுகம். அங்கே டப்ளினில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்ற சேதி வந்தால்தான் என் மனம் ஆறும். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து உன் குரலே இல்லை, திங்கட்கிழமையிலிருந்து கூப்பிட்டாலும் எடுக்கவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் எதற்கு எழுந்தேன் என்று தெரியவில்லை. அச்சகத்தில் நடந்ததை யாராவது உனக்குச் சொல்லி, உன் புரோகிராமில் நான் கை வைத்துவிட்டேன் என்று கோபமாக இருக்கிறாயோ?

நடந்தது இதுதான். நீ அச்சகத்துக்கு எழுதிக்கொடுத்துவிட்டுப் போன புரோகிராமை நான்தானே பார்த்துக்கொள்கிறேன். முதலாளி க்ராசிமிர் வந்து, அக்கா, பேர் நாள் அன்னைக்கு அவங்கவங்க போனுக்கு ஒரு வாழ்த்து தானாப் போகட்டும், நாலு கார்டு கூட விக்கும் என்றார். வாடிக்கையாளர் என்ற வகை ஆட்களுக்கென்று புரோகிராமில் நீ வைத்திருக்கும் கிளாஸுக்குள் வாழ்த்தை எழுதிச் சேர்த்தேன். குருத்தோலை ஞாயிறு வந்தது. பூவும் மரமும் பெயராக உள்ள அத்தனை பேருக்கும் அன்றைக்குத்தானே பெயர் நாள், பிறந்தநாளைப் போலப் பெயருக்கென்று வரும் திருநாள், வாழ்த்து பறந்தது. உயிரோடு இருப்பவர்களுக்கு மட்டுமில்லை கண்ணா, வீட்டுக் கதவில் ஒட்ட நாம் அஞ்சலித் தாள் அச்சடித்துக் கொடுத்தோமே, அவர்களுக்கும் போய்விட்டது.

ஏன் என்று உனக்குச் சட்டென்று புரியும், எனக்கு ஒரு நாள் முழுக்கப் பிடித்தது. காலமானவர் என்ற கிளாஸை நீ வாடிக்கையாளருக்குப் பிள்ளையாக வைத்திருக்கிறாய். பெயர், பிறந்த தேதி, வீட்டாரின் போன் எண் எல்லாம் இரண்டுக்கும் ஒன்றுதானே, மறுபடி எழுதுவானேன் என்று நினைத்திருப்பாய். ஆனால் பிள்ளை கிளாஸ் தனக்கு வேண்டியதை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொள்வதில்லை, தாய் கிளாஸில் பிறகு எதைச் சேர்த்தாலும் கேட்காமலே அதற்கும் வந்துவிடுகிறது. வாழ்த்தும் அப்படித்தான் போனது. திங்கட்கிழமை காலையில் மூன்றாம் மாடி பென்கா அச்சகத்துக்கே வந்துவிட்டாள். என் வீட்டுக்காரர் யாசென் இருக்கையில ஒரு பய வாழ்த்தல, போனப்புறம் நூறு வருஷம் இருங்கன்னு அனுப்புறீங்களே, எங்கய்யா இருக்கச் சொல்றீங்க என்று கத்தினாள். க்ராசிமிர் மேசைக்கடியில் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டார். எனக்குச் சிரிப்பு வந்தது, உடனே அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். ஏனென்றால் எனக்கும் வந்தது. கோயிலில் குருத்தோலைக்குப் பதிலாகக் கொடுக்கும் வில்லோக் கொத்தை வாங்கிக்கொண்டு நிற்கிறேன், போன் அதிர்கிறது. வர்பான், இன்று உங்கள் பெயர் நாள், நூறாண்டு வாழ்க, விருந்தாளிகள் வரத் தொடங்கிவிட்டார்களா என்று கேட்கிறது. ஒரு கணம் உன் அப்பா வீட்டில் இருக்கிறார் என்றே சந்தோஷப்பட்டேன். பிறகு அவர் போய்விட்டதும், அந்த வரியை எழுதியவளே நான்தான் என்பதும் நினைவு வந்தது.

இப்போது கவலையெல்லாம் புனித ஜார்ஜ் திருநாளைப் பற்றித்தான். அன்றைக்குக் கியோர்கிகளின் பெயர் நாள், இந்த ஊரில் கல்லை விட்டெறிந்தால் ஒரு கியோர்கி மேல் விழும், காலமான கியோர்கிகளும் கொஞ்சமில்லை. இன்னொரு தரம் இப்படி ஆச்சுன்னா கடையை மூட வேண்டியதுதான், காலமானவர் கிளாஸ்ல வாழ்த்துக்குப் பதிலா ஒண்ணுமில்லாத ஒரு வரியைப் போட்டு அது வாயை அடைங்க அக்கா, போதும் என்கிறார் க்ராசிமிர். அடைக்கலாம். நாளைக்கு வேறொருவர் பிறந்தநாள் வாழ்த்தை மேலே சேர்த்தால் அது எந்த வீட்டில் போய் விழும்? தாள் வாங்கவும் விருந்து வைக்கவும் முடியாத ஒருவரை வாடிக்கையாளர் வகை என்று சொன்னதே தப்பு. அதனால் துணிந்து பிரித்துவிட்டேன். மனிதர் என்று ஒரு கிளாஸை எல்லாவற்றுக்கும் மேலே வைத்து, பெயர், தேதி, எண்ணை அதில் போட்டேன். வாடிக்கையாளரும் காலமானவரும் அதன் கீழே உடன்பிறப்புகள். வாழ்த்து ஒருவரிடம் மட்டும், நாற்பதாம் நாளும் ஆண்டு நினைவும் இன்னொருவரிடம் மட்டும். உன்னைக் கேட்டுச் செய்திருக்க வேண்டும், நீதான் எடுக்கவில்லையே.

நேற்று சோதித்துப் பார்த்தேன். எண் என்னுடையதையே கொடுத்து, தேதியைக் குருத்தோலை ஞாயிறு என்று மாற்றி, காலமானவரில் அப்பாவை வைத்து ஓட்டினேன். போன் அசையவில்லை. சரியாகத்தான் இருக்கிறது, ஆனாலும் அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை. பிறகு உயிரோடு இருக்கும் ஒருவரின் மரப்பெயர் வேண்டும் என்று, யோசிக்காமலே வாடிக்கையாளரில் உன் பெயரைத் தட்டினேன். போன் அதிர்ந்தது. யாவோர், இன்று உங்கள் பெயர் நாள், நூறாண்டு வாழ்க என்று வந்தது.

அப்படியே உட்கார்ந்துவிட்டேன் கண்ணா. ஊரில் போய்ச் சேர்ந்தவர்களுக்கெல்லாம் வாழ்த்து அனுப்பியவள், உயிரோடு இருக்கும் ஒரே பிள்ளைக்குச் சொல்லவில்லை. வருடா வருடம் பெயர் நாளன்று விடிந்ததும் உன்னை முதலில் கூப்பிடுவது அப்பாதான், நான் பக்கத்தில் நின்று மீன் பொரித்துக்கொண்டே கத்துவேன். இந்த வருடம் அவர் இல்லை, நானும் அன்றைக்குக் கூப்பிடவில்லை. நீ எத்தனை தரம் போனைப் பார்த்தாயோ.

நூறாண்டு வாழ்க, என் யாவோர். நோய்நொடி இல்லாமல் இரு, நல்லவர்கள் உன் மேசையைச் சுற்றி இருக்கட்டும். இதை எந்தப் புரோகிராமும் அனுப்பவில்லை, என் கையால் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை மீன் பொரித்து மேசையில் வைத்துவிட்டுக் கூப்பிடுவேன், அப்போதாவது எடு.

உன்னை மறந்துபோன, மறக்கவே முடியாத
அம்மா ஸ்னெஷனா