என் பேச்சுரிமையைக் காக்கும் ஆணையை நீக்கக் கோரி

அனுப்புநர்:
ஏழாவது வார்டு உறுப்பினர்,
நகர்மன்றம்.

பெறுநர்:
உயர்திரு நகராட்சி ஆணையர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம், முதல் மாடி.

பொருள்: உள்ளூர் வார இதழின் பெண் செய்தியாளர் மன்றக் கூடத்துக்குள் வரக் கூடாது எனப் பிறப்பிக்கப்பட்ட ஆணையை, இம்மாதம் 28ஆம் நாள் கூட்டத்துக்கு முன் நீக்க வேண்டுவது தொடர்பாக.

பார்வை: (1) என் புகார், நண்பகல் 12.10க்குக் கொடுத்தது. (2) தங்கள் ஆணை, அதே நாள் மாலை 4 மணி. (3) அந்த ஆணையை நீக்கக் கோரி நான் கொடுத்த மூன்று மனுக்கள். (4) அவற்றுக்குக் கிடைத்த ஒரு பதில்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் இந்த நகர்மன்றத்தில் இரண்டாம் முறையாக உறுப்பினராக இருக்கிறேன். மொத்தம் ஆறு ஆண்டுகள் ஆகின்றன. இதுவரை தங்கள் அலுவலகத்துக்கு நான் கொடுத்த மனுக்கள் எண்பதுக்குக் குறையாது. பள்ளி வாசலில் வேகத்தடை கேட்டது பதினான்கு மாதம் கழித்து நடந்தது. நூலகக் கூரை இன்னும் ஒழுகுகிறது. ஒரே ஒரு மனு மட்டும், நான் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவதற்குள் ஆணையாகிக் கைக்கு வந்தது. அது என் சொந்த அக்காளை மன்றக் கூடத்திலிருந்து வெளியேற்றக் கோரிய மனு. அந்த ஆணையை நீக்கக் கோரி இப்போது நான்காம் முறையாக எழுதுகிறேன்.

2. ஆம், மேற்படி செய்தியாளர் என் உடன்பிறந்த அக்காள். இது ஊரறிந்த சங்கதிதான். இருந்தாலும் மனுவில் மறைத்துவிட்டார் என்று நாளை பேச்சு வரக் கூடாது என்பதால் பதிவு செய்கிறேன். நான் முதன்முறை தேர்தலில் நின்றபோது, வார்டு நூலகத்தைச் சீரமைப்பேன் என்று துண்டறிக்கை அடித்தேன். என்னைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுது என்று அக்காளிடம் கேட்கவும் செய்தேன். அவர் எழுதினார். நூலகத்தைக் காப்பாற்றப் புறப்பட்டிருக்கும் வேட்பாளர், அதே நூலகத்திலிருந்து எடுத்த மூன்று புத்தகங்களை ஒன்பது ஆண்டுகளாகத் திருப்பித் தரவில்லை என்று எழுதினார். அது உண்மை. புத்தகங்களை அன்று மாலையே என் மனைவியிடம் கொடுத்தனுப்பினேன். பிறகு அக்காளை வாசலில் நிறுத்தி, இனி இந்தப் படியை மிதிக்காதே என்று சொன்னேன். தான் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவர் அவர். நான் சொன்ன சொல்லையும் காப்பாற்றினார். ஆறு ஆண்டுகளாக மிதிக்கவில்லை.

3. அதன்பின் நாங்கள் இருவரும் பேசிக்கொண்டது மன்றக் கூடத்தில்தான். பேசிக்கொண்டது என்றால், நான் பேசுவேன், அவர் எழுதுவார். இடப்பக்கச் சுவரோரம், மின்விசிறிக் காற்று எட்டாத மூன்றாவது நாற்காலி அவருடையது. நான் எதையாவது கூட்டிச் சொன்னால் கையிலிருக்கும் பேனாவின் பொத்தானை ஒருமுறை அழுத்துவார். கூடத்தில் வேறு யாருக்கும் அந்தச் சத்தம் கேட்காது, எனக்குக் கேட்கும். பள்ளியில் பேச்சுப் போட்டிக்கு நான் மனப்பாடம் செய்த நாள்களில், மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து, நான் இழுக்கும்போதெல்லாம் பென்சிலால் தட்டியவரும் இவரே.

4. வியாழக்கிழமை காலை இதழ் வரும். அதில் எனக்குப் பெயர் கிடையாது. ‘ஏழாவது வார்டு உறுப்பினர்’ என்றுதான் எழுதுவார். தையற்கடைத் தெருவில் நானூறு மீட்டர் வடிகால் முடிந்துவிட்டது என்று ஒப்பந்தக்காரர் சொன்னதை நம்பி மன்றத்தில் அறிவித்தேன். அக்காள் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு போய் அளந்து, இருநூற்று அறுபது என்று எழுதினார். எனக்கு மூக்குடைந்தது, தெருவுக்கு மிச்ச வடிகால் கிடைத்தது. சென்ற ஆண்டு இப்படி எழுதினார்: ‘மூன்று கூட்டங்களாக உறுப்பினர் இருமிக்கொண்டே பேசுகிறார். ஊருக்குப் புதிய மருத்துவமனை கேட்பவர், இருக்கிற மருத்துவமனைக்கு முதலில் ஒருமுறை போய் வருவது நல்லது.’ உடம்பைக் கூடவா கிண்டல் செய்வது என்று கொதித்துப்போனேன். அந்தக் கோபத்தோடேயே போய் நெஞ்சுப் படம் எடுத்தேன். சளி கட்டியிருக்கிறது, இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் படுத்த படுக்கையாகியிருப்பீர்கள் என்றார் மருத்துவர். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை ஐயா.

5. புகாருக்கு வந்த காரணத்தைச் சொல்கிறேன். பூங்கா விவாதத்தில் நான் இருபத்திரண்டு நிமிடம் பேசியதாகவும், அதில் பூங்கா இரண்டு நிமிடம் வந்து போனதாகவும் அக்காள் எழுதினார். சக உறுப்பினர்கள் ஒரு வாரம் என்னைப் பார்த்ததும் கடிகாரத்தைப் பார்த்தார்கள். பொறுக்க முடியாமல் ஒரு வழக்கறிஞரிடம் போனேன். உங்கள் அக்காள் எழுதியதில் எது பொய் என்று கண்டுபிடித்துக் கொண்டு வாருங்கள் என்றார். முதல் நாளிலிருந்து வழக்குக்காக என்று நான் நறுக்கிச் சேர்த்திருந்த கோப்பை ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். ஒரே ஒரு பிழை அகப்பட்டது. பதின்மூன்று தெருவிளக்கைப் பதினான்கு என்று எழுதியிருந்தார். அடுத்த வாரமே அவரே வருத்தம் தெரிவித்துத் திருத்தியும் இருந்தார்.

6. வழக்கறிஞர் கோப்பை மூடி என் பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னது எனக்கு எழுத்துக்கு எழுத்து நினைவிருக்கிறது: “சார், உங்களைப் பேச விடாம அரசாங்கம் தடுத்தா அது உரிமைப் பிரச்சினை. நீங்க பேசினதைக் கேட்டுட்டு ஒருத்தர் குறை சொன்னா அது பிரச்சினையே இல்ல, அவங்களுக்கும் அதே உரிமைதான். இப்ப அவங்களை வெளிய அனுப்பச் சொன்னீங்கன்னா, உரிமையைப் பறிக்கிற ஆளு நீங்கதான்.” இவருக்குத் தொழில் தெரியவில்லை என்று முடிவு கட்டி எழுந்து வந்துவிட்டேன். மறுநாள் மன்றத்தில் எழுந்து, நான் பேசுவதையெல்லாம் ஒருவர் குறை சொல்லி எழுதினால் எனக்கு எப்படிப் பேச வரும், இது என் பேச்சுரிமையை நசுக்குவது அல்லாமல் வேறென்ன என்று முழங்கினேன். எல்லாக் கட்சியினரும் மேசையைத் தட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சூட்டில் எழுதிக் கொடுத்ததுதான் பார்வை (1)இல் கண்ட புகார். ‘உறுப்பினரின் பேச்சுரிமையைக் காக்கும் பொருட்டு’ என்று தங்கள் ஆணை தொடங்கியது. செய்தியாளர் வரிசையிலும் பார்வையாளர் மாடத்திலும் அவர் உட்காரக் கூடாது என்று முடிந்தது. வாயிற்காவலரிடம் அவருடைய படத்தையும் கொடுத்துவைத்தார்கள். அந்தப் படம் எங்கள் குடும்பப் படத்திலிருந்து வெட்டியது. கொடுத்தவன் நான்.

7. அடுத்த கூட்டத்தில் நாற்பது நிமிடம் பேசினேன். யாரும் தடுக்கவில்லை. நீட்டி முழக்கினேன். இரண்டு இடத்தில் வேண்டுமென்றே கூட்டிச் சொல்லிவிட்டு நிறுத்திப் பார்த்தேன். பொத்தான் சத்தம் வரவில்லை. முன் வரிசையில் இருவர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஒருவர் உறங்கினார். மற்ற இதழ்களில் ‘உறுப்பினர்கள் பேசினர்’ என்று ஒரு வரி வந்தது. வார இதழில் அக்காளின் பத்தி வரும் இடத்தில், எங்கள் செய்தியாளருக்கு மன்றத்தில் அனுமதியில்லை என்று நான்கு வாரம் போட்டார்கள். ஐந்தாம் வாரம் அந்த இடத்தில் குறுக்கெழுத்துப் புதிர் வந்தது. நான் வியாழக்கிழமைதோறும் வாசலுக்கும் கூடத்துக்குமாக நடப்பதைப் பார்த்துவிட்டு என் மனைவி சொன்னாள்: “பேப்பர் வந்துடும். அதுல உங்க அக்கா வரமாட்டாங்க.” புதிரை நிரப்பப் பார்த்தேன், பாதிக்கு மேல் வரவில்லை.

8. எனக்கு என் அக்கா வேண்டும் ஐயா. மனுவில் இப்படி எழுதலாமா என்று தெரியவில்லை. எழுதிவிட்டேன், அடிக்கப் போவதில்லை. வாரம் ஒருமுறை என்னைக் கூர்ந்து பார்த்து, நான் சொன்னதை ஒரு சொல் விடாமல் கேட்டு, அதைப் பற்றி யோசித்து உட்கார்ந்து எழுதிய ஒரே ஆள் அவர்தான். அதைத்தான் நான் தொல்லை என்று எழுதிக் கொடுத்தேன்.

9. இது என் சொந்த ஏக்கம் மட்டுமென்று தாங்கள் ஒதுக்கிவிடக் கூடாது. சென்ற மாதம் அதே தையற்கடைத் தெருவின் கிழக்குப் பக்க வடிகாலும் முடிந்தது என்று மன்றத்தில் அறிவித்தேன். இந்த முறை யாரும் அளக்கவில்லை, நானும் அளக்கவில்லை. முதல் மழைக்கே தையற்காரரின் கடைக்குள் கணுக்கால் தண்ணீர். பள்ளிச் சீருடைகளையெல்லாம் தையல் இயந்திரத்தின் மேல் அடுக்கி, சரியாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. அக்காவை ஒரு தடவை வந்து அளந்து எழுதச் சொல்லுங்கள் சார் என்று மட்டும் கேட்டார். சொல்கிறேன் என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

10. மன்றத்துக்குள் போக முடியாத செய்தியாளருக்கு இந்த ஊரில் வேலையில்லை என்று இதழ் நிர்வாகம் அவரைத் தலைமை அலுவலகத்துக்கு மாற்றிவிட்டது. ரயிலில் பத்து மணி நேரத் தூரம். 30ஆம் நாள் காலை புறப்படுகிறார். இதைக் கேட்ட பிறகு எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சென்ற ஞாயிறு அவர் வீட்டுக்குப் போனேன். முன்னறை முழுக்க அட்டைப் பெட்டிகள். கம்பிக் கதவைத் திறக்காமல் உள்ளே நின்றார். தலை நன்றாக நரைத்திருந்தது. மன்றத்தில் தூரத்திலிருந்து பார்த்ததில் எனக்கு அது தெரியவில்லை. நான் பேசியது தப்பு என்று சொன்னேன். ஆறு ஆண்டுக்குப் பிறகு அவர் என்னிடம் பேசியது இதுதான்: “அதை எங்கிட்ட வந்து ஏன்டா சொல்ற? மன்றத்துல பேசினதை மன்றத்துலயே எந்திரிச்சுச் சொல்லு. நான் என் நாற்காலில உக்காந்து எழுதிக்கிறேன்.” உள்ளே விடமாட்டார்களே அக்கா என்றேன். “மனு குடுத்தது நீதானே? நீயே எழுதி வாங்கு” என்றார். சரியென்று படியிறங்கினேன். பாதிப் படியில் பின்னாலிருந்து கேட்டார்: “இருமல் எப்படி இருக்கு?” பரவாயில்லை என்று சொல்லிவிட்டேன். தெருமுனை வரும்வரை எனக்குப் பாதை சரியாகத் தெரியவில்லை.

11. தங்கள் அலுவலகத்திலிருந்து கிடைத்த பதில் வருமாறு: உறுப்பினரின் பேச்சுரிமையைக் காக்கவே ஆணை உள்ளது, காக்கப்படும் உரிமையை உறுப்பினரே வேண்டாமென்று சொல்ல விதியில் இடமுண்டா எனச் சட்டப் பிரிவிடம் தெளிவுரை கோரப்பட்டுள்ளது, மேற்படி செய்திகளால் உறுப்பினருக்கு நேர்ந்த பாதிப்பைக் காட்டும் ஆவணங்களை மூலப் படிகளாக அளிக்கவும். ஐயா, என் உரிமைக்கு அக்காவால் ஒரு குறையும் வரவில்லை. ஆறு ஆண்டும் வாய் ஓயாமல் நான் பேசியதற்கு அவர் எழுத்தே சாட்சி. அவருடைய உரிமையைத்தான், என் பெயரைச் சொல்லி, நானும் தாங்களும் சேர்ந்து பறித்திருக்கிறோம். கேட்ட ஆவணங்களை இத்துடன் அனுப்புகிறேன். படித்துப் பார்த்து, எதில் நான் பாதிக்கப்பட்டேன் என்று சட்டப் பிரிவு சொன்னால் தெரிந்துகொள்கிறேன்.

12. ஆகவே தாங்கள் செய்ய வேண்டியது: ஆணையை 28ஆம் நாளுக்கு முன் நீக்க வேண்டும். கிடங்கில் போட்டிருக்கும் மூன்றாவது நாற்காலியை எடுத்து, துடைத்து, பழைய இடத்தில் போட வேண்டும். முடிந்தால் மின்விசிறியைக் கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி மாட்ட வேண்டும். இதை நான் ஆறு ஆண்டுக்கு முன்பே கேட்டிருக்க வேண்டும். வாயிற்காவலரிடம் உள்ள படத்தை என்னிடம் திருப்பித் தர வேண்டும். அன்று நான் எழுந்து சொல்லப்போவது இரண்டு நிமிடத்துக்கு மேல் போகாது. போனால் நிறுத்த ஆள் இருக்கும். நான் வருத்தம் தெரிவித்ததைப் பற்றி அவர் என்ன எழுதினாலும் எனக்கு ஆட்சேபனை இல்லை. நிச்சயம் ஏதாவது குறை சொல்வார். 30ஆம் நாள் அவர் ரயிலேறுவது ஏறுவதுதான். அதை நிறுத்த எனக்கு அதிகாரமில்லை, தங்களுக்கும் இல்லை. ஒரே ஒரு கூட்டம் மட்டும் அவர் எதிரில் பேசிக்கொள்கிறேன். என் புகாருக்குக் காட்டிய அதே வேகத்தை இதற்கும் காட்டும்படி இரு கை கூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: நகர்மன்றக் கட்டடம், உறுப்பினர் அறை
நாள்: இம்மாதம் 19, வியாழக்கிழமை

தங்கள் கையெழுத்துக்காகக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
ஏழாவது வார்டு உறுப்பினர்

இணைப்பு:
(1) ஆணையின் நகல்.
(2) மேற்படி செய்தியாளர் என்னைப் பற்றி எழுதியவற்றின் நறுக்குகள், தேதி வாரியாக, 214. இவை அனைத்தும் மூலப் படிகள். ஓரங்களில் பென்சிலால் உள்ள குறிப்புகள் என்னுடையவை. தொடக்கத்தில் உள்ளவற்றைப் பொருட்படுத்த வேண்டாம். ஒன்று கூடக் குறையாமல் எண்ணிப் பார்த்துத் திருப்பித் தரவும். என்னிடம் வேறு படி இல்லை.