அத்தைக்கு நீ எடுத்துவைத்த சேலை

என்னை ஓர் இடத்தில் உட்கார வைக்க ஆயுசெல்லாம் பாடுபட்ட என் தங்கச்சி செல்விக்கு,

இந்தக் கடிதத்தையும் பாதியில் பாதியில் எழுந்து போய்த்தான் எழுதுகிறேன். ஒரு தடவை கடை வாசலில் யாரோ ஸ்கூட்டரைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அடுத்த தடவை யாருமே வரவில்லை, நானாகத்தான் எழுந்தேன். நீ இருந்திருந்தால், "உக்காருண்ணே, நாற்காலியில முள்ளா இருக்கு?" என்று கேட்டிருப்பாய்.

பொள்ளாச்சிக்கு மேற்கே, இந்தச் சித்தூரில் மழை இன்னும் விடவில்லை. கடையில் பிரித்துப் போட்ட வண்டிகள் அப்படியே கிடக்கின்றன. எந்த நட்டு எந்த வண்டிக்கு என்று எனக்கே இப்போது தெரியாது. உனக்குச் சொல்ல ஒரு சேதி இருக்கிறது செல்வி. ஆனால் எனக்கு எதையும் நேராகச் சொல்லிப் பழக்கமில்லை. கொஞ்சம் பொறுத்துக்கொள்.

பேச்சியத்தையைத் தேடும் வேலையை நீ தொடங்கியபோது நான் சிரித்தேன். அப்பாவின் ஒரே தங்கச்சி. நம் வண்டன்மேட்டு ஏலத்தோட்டத்து நிழல் மரங்களில் கிளை கழிக்க வந்த ஒருவரோடு மலையை விட்டே போய்விட்டாள். சாதி வேறு. அவள் பெயரை வீட்டில் எடுக்கக்கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். கம்பம் பக்கம் போயிட்டா என்று மட்டும் ஒருமுறை சொன்னார், அதோடு சரி. உனக்கு அப்போது நாலு வயசு இருக்குமா? அவள் இடுப்பில் உட்கார்ந்து வண்டன்மேடு சந்தைக்குப் போனது மட்டும் உனக்கு ஞாபகம். அந்த இடுப்பை நீ கடைசிவரை மறக்கவில்லை.

"அத்தைக்குப் பொறந்த வீட்டுச் சேலைன்னு ஒண்ணு கெடைச்சதே இல்லண்ணே. நாளைக்கே அவ கண்ண மூடினா, கோடி போட யாரு போவா?" என்று கேட்டாய். கேட்டதோடு நிற்காமல் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு சேலையும் எடுத்து பீரோவில் வைத்துவிட்டாய். ஆள் இருக்கிறாளா இல்லையா என்றே தெரியாது, சேலை மட்டும் தயார்.

தேடுவதற்கும் நீ ஒரு முறை வைத்திருந்தாய். ஏலக்காய் ஸ்டோரில் நீ காயைத் தரம் பிரிக்கிற மாதிரியேதான் வீட்டுக் கதையையும் பிரித்தாய். கண்ணால் பார்த்தவர் சொன்னது ஒரு பக்கம். பார்த்தவரிடம் கேட்டவர் சொன்னது இன்னொரு பக்கம். ஊரில் பேசிக்கொள்வதெல்லாம் வெடித்த காய், அது கடைசியில்தான். ஒரு நாளைக்கு ஒரே ஆள், அந்த ஆளிடம் ஒரே கேள்வி. அதற்கு மேல் யாராவது கதை சொன்னால் டீயைக் குடித்துவிட்டு எழுந்துவிடு என்பாய். எழுந்து போவதில் கெட்டிக்காரனான எனக்கு அந்த எழுந்து வருவது மட்டும் வரவில்லை, பார்த்தாயா?

ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டே நீ சொன்னது காதிலேயே இருக்கிறது. "மொதல்ல எங்க ஸ்டோரு செண்பகக்காவப் பாருண்ணே. அவதான் அத்தை போனதக் கண்ணால பாத்தவ. எங்கிட்ட சொல்ல மாட்டேங்கா. அண்ணன் வீட்டு ஆம்பள வந்து, சண்டைக்கு இல்ல, சீரு கொண்டு போகத்தான்னு சொன்னா மட்டும் சொல்லுதேங்கா. அத்தைக்கு அப்படிச் சத்தியம் பண்ணிக் குடுத்திருக்காளாம்." சரி என்றேன். உன் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னேன்.

அப்புறம் நான் செண்பகக்காவைத் தவிர மற்ற எல்லாரையும் போய்ப் பார்த்தேன்.

கம்பத்துக்குப் போனேன், போடிக்குப் போனேன். போன இடத்தில் நம் பூட்டனுக்கு இரண்டு தாரம் என்று ஒருவர் சொன்னார். அந்த இரண்டாம் தாரத்து வம்சத்தைத் தேடி சங்கரன்கோவில் வரைக்கும் போய்விட்டு வந்தேன். அங்கே ஒரு வீட்டில் கறிச்சோறு போட்டார்கள். சாப்பிட்டு முடித்த பிறகுதான் அவர்கள் நமக்குச் சொந்தமே இல்லை என்று தெரிந்தது. வாட்ஸப்பில் சொந்தங்களுக்கு ஒரு குரூப் தொடங்கினேன். தினமும் காலை வணக்கம் வருகிறது, பூப்படம் வருகிறது, பேச்சியத்தையைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. கடைச் சுவரில் சாக்பீஸால் வம்சக் கொடி வரைந்தேன். பஞ்சர் ஒட்ட வந்தவர்கள் எல்லாரும் அதைப் பார்த்து அவரவர் தாத்தா கதையைச் சொல்லிவிட்டுப் போனார்கள். நானும் வேலையை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

உன் மதினி ஒரு நாள் கேட்டேவிட்டாள். "ஏனுங்க, ஊரெல்லாஞ் சுத்தறீங்க. அந்த வண்டன்மேட்டுச் செண்பகக்காவ மட்டும் ஏன் போய்ப் பாக்க மாட்டீங்கறீங்க?" எனக்குக் கோபம் வந்தது. சோற்றை வைத்துவிட்டு எழுந்தேன்.

ஏன் போகவில்லை என்று எனக்குத் தெரியும். செண்பகக்கா ஸ்டோரில் உன் பக்கத்தில் உட்கார்ந்து காய் பிரித்தவள். அங்கே போனால் நீ உட்கார்ந்த இடம் காலியாக இருக்கும். இன்னொன்றும் உண்டு. அத்தை கிடைத்துவிட்டால் நீ கொடுத்த வேலை முடிந்துவிடும். அப்புறம் உன்னோடு பேச எனக்கு என்ன இருக்கிறது? அலைகிறவரைக்கும் நீ என்னைத் திட்டிக்கொண்டே கூட வருவதுபோல இருந்தது செல்வி.

போன மாதம் ஒருவழியாக மலை ஏறினேன். உன் இடம் காலியாகத்தான் இருந்தது. செண்பகக்கா என்னைப் பார்த்ததும் அழவில்லை.

"வாய்யா. ஒந் தங்கச்சி எடந்தான், உக்காரு" என்றாள். உட்கார்ந்தேன். கை சும்மா இருக்காமல் முன்னால் குவிந்திருந்த காயைப் பிரிக்க ஆரம்பித்தது. அக்கா நான் பிரித்ததைப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் மறுபடி ஒன்றாகத் தள்ளிவிட்டாள்.

"எதுக்கு வந்திருக்க?"

"சீரு கொண்டு போகத்தான்க்கா. செல்வி சேல எடுத்து வச்சிருக்கா."

அதற்காகவே காத்திருந்தவள்போலச் சொன்னாள். அத்தை போகும்போது செண்பகக்கா சின்னப் பிள்ளை. ஜீப் ஏறும்வரை அத்தையின் துணிமூட்டையைச் சுமந்து போனவள் அவள்தான். "அந்த மனுசன் பனையும் தென்னையும் ஏறி நெஞ்செல்லாம் காச்சிப் போயிருக்கும். எங்க ஊரு கள்ளுத் தென்னையில ஏறி நின்னா தமிழ்நாட்டுச் செக்போஸ்டு தெரியும்னு பெருமையாச் சொல்லுவாரு. கொல்லங்கோட்டுக்குப் பக்கமாம்."

கொல்லங்கோட்டுக்குப் பக்கம் செக்போஸ்ட் என்றால் கோவிந்தாபுரம்தான், செல்வி. என் கடையிலிருந்து ஒரு பஸ் மாறினால் போதும். எத்தனை தடவை அந்த வழியாகப் பொள்ளாச்சிக்கு ஸ்பேர் பார்ட்ஸ் வாங்கப் போயிருப்பேன்? கள் இறக்குகிறவர்கள் எத்தனை பேர் என்னிடம் சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டு போயிருப்பார்கள்? ஒருவரிடமாவது கேட்டேனா?

மறுநாளே சேலையோடு போனேன். பேச்சியம்மாள் என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. அப்போது நீ சொன்னது ஞாபகம் வந்தது, ஒரே கேள்வி. கடைக்காரரிடம், மலையிலிருந்து வாக்கப்பட்டு வந்த அம்மா யாராவது இருக்கிறார்களா என்று மட்டும் கேட்டேன்.

"அட, மலைக்காரம்மாங்களா? அந்தத் தென்னந்தோப்பைத் தாண்டுனா மொத ஊடுங்க" என்றார்.

அத்தை இருக்கிறாள் செல்வி. நன்றாக இருக்கிறாள்.

வாசலில் தேங்காய் மட்டை அடுக்கிக்கொண்டிருந்தாள். "யாருங்க, என்ன வேணுங்க?" என்று அந்த ஊர்ப் பேச்சில்தான் கேட்டாள். வண்டன்மேட்டிலிருந்து வருகிறேன், உங்க அண்ணன் மகன் பால்ராஜ் என்றதும் கையிலிருந்த மட்டையைக் கீழே வைத்தாள். என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "எங்கண்ணன் மவனா? எய்யா, வந்துட்டியா?" என்றபோது அவள் பேச்சே மாறிவிட்டது. அம்பது வருசத்துக்கு அப்புறம் அந்தப் பேச்சு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை.

மாமா இறந்து சில வருடங்கள் ஆகிறதாம். அன்றைக்குப் பிறந்த வீட்டுச் சேலை கொண்டுவர யாரும் இல்லாமல் பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் போட்டார்களாம். இதைச் சொல்லும்போது அவள் என்னைக் குறை சொல்லவில்லை. நான்தான் தலையைக் குனிந்துகொண்டேன்.

சேலையைக் கொடுத்தேன். அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது ஆம்பள எடுத்த சேல இல்லியே. செல்வி எடுத்ததா? அவ வரலியா?" என்று கேட்டாள்.

எழுந்து வெளியே போய்விடத்தான் காலெல்லாம் துடித்தது. போகவில்லை. உட்கார்ந்தபடியே சொன்னேன். இந்த ஒன்றை நீ நம்ப வேண்டும்.

அத்தை சேலையை மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, "கோடி நீ போட்டியா?" என்றாள்.

"நாந்தான் போட்டேன் அத்தை."

"கால் மூட நல்லாப் போத்துனியா? அவளுக்குக் கால் குளிரும். இடுப்புல தூக்கிட்டுப் போவும்போது முந்தானைய இழுத்துக் கால மூடிக்குவா."

 நீ போன அன்றைக்குப் பிறகு நான் அழுதது அப்போதுதான்.

அத்தை சேலையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மடிப்பு கலையாமல் பெட்டியில் வைக்கப் போகிறாள் என்று நினைத்தேன். உடுத்திக்கொண்டு வந்து நின்றாள். "செத்தப்பொறவு நீ போத்துறத நான் பாக்கவா போறேன்? எம் மருமவ எடுத்தது, இப்பவே உடுத்திக்கிடுதேன்" என்றாள். நிறம் அவளுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. நீ சரியாகத்தான் எடுத்திருக்கிறாய்.

மழை விட்டதும் அத்தையை மலைக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். செண்பகக்காவைப் பார்க்க வேண்டுமாம். ஸ்டோரில் உன் இடத்தில் அவளை உட்கார வைக்கிறேன், நான் பக்கத்தில் இருக்கிறேன். அவர்கள் பேசி முடிக்கும்வரை எழுந்திருக்க மாட்டேன். இது நான் உனக்குத் தருகிற வாக்கு.

இப்படிக்கு,
உன் சொல்லைக் கடைசியில் கேட்ட அண்ணன்,
பால்ராஜ்