மேல் கால், கீழ் நான்கு கூறு

நீர் நிலைக்க, நெல் நிலைக்க, நேர்மை நிலைக்க. வெள்ளாறை நாடு புரக்கும் கோமகன் செங்குன்றக்கோன் திருவாணைக்கு அடங்கி, ஏழு தலைமுறையாக இருகரைப் பேரேரியின் நீரளவு சொல்லும் குடிக்கு மூத்தவரும் பதினெட்டு மதகுக்கும் நாயகருமான மதகுக்கிழார் பொன்னங்கீரனார், புன்னைவாய் நாட்டுத் தலைமை அமைச்சரும் தம் சம்பந்தியாருமான விழுப்பரையருக்கு விடுக்கும் ஓலை. புன்னைவாயின் கழனிகள் பசுமை குன்றாதிருக்க. அந்நாட்டு மன்னர் குடைநிழல் சுருங்காதிருக்க. தங்கள் இல்லத்தார் அனைவரும் நலமே வாழ்க.

நேற்று தங்கள் கைக்கு வந்திருக்கும் கிழாரின் முன்னோலையில், ஏரி பத்து நாளில் ஒன்றரைக் கூறே இறங்கியது, ஆதலால் எங்கள் வடமதகு அடைபடாது; பயிர் காய்கிறது என்ற புன்னைவாயாரின் முறையீடு செல்லாது என்று கண்டிருக்கும். அது பிழை. இக்குடியார் விடுத்த எந்த ஓலையிலும் இச்சொல் இதுவரை ஏறியதில்லை ஆகையால், எழுத்தர் எழுத்தாணியை நிறுத்திக் கிழாரின் முகத்தைப் பார்த்தார். பார்ப்பதை விட்டு எழுதும் என்றார் கிழார்.

இரு நாட்டு உடன்படிக்கை தாங்கள் அறிந்ததே. பத்து நாளில் நீர் அரைக் கோலுக்கு மேல் இறங்கினால் வெள்ளாறையார் வடமதகை அடைத்துத் தண்ணீரைத் தங்கள் தென்கரைக்கு விட வேண்டும். அளவுக்கல்லின் நடுவே சமன்கோடு. கோட்டுக்கு மேலே எங்கள் வழக்கப்படி அரை, கால், அரைக்கால் என்று பொறித்திருக்கிறது. கீழே தங்கள் நாட்டார் கேட்டுக்கொண்டபடி கோலுக்குப் பத்துக் கூறாக வெட்டியிருக்கிறது. முதல் நாள் நீர் கோட்டுக்கு மேல் கால் கோல் நின்றது. பத்தாம் நாள் கோட்டுக்குக் கீழ் நான்கு கூறு.

கிழார் மன்றத்தில் தம் குடியின் வாய்பாட்டை உரைத்தார்: பெரியதில் சிறியதைக் கழி, மிஞ்சியது நீரின் நடை. கால் என்பது இரண்டரைக் கூறு. நான்கில் இரண்டரை போனால் ஒன்றரை. மன்றம் தலையசைத்தது, முன்னோலை அப்போதே புறப்பட்டது.

அதன் பின்னரே தங்கள் மகளும் கிழாரின் மூத்த மருமகளுமான வேண்மாள் எழுந்தாள். கணக்குப் படித்த பெண் உலைநீருக்கும் கோல் போடுவாள் என்று திருமணத்தன்று கிழார் நகையாடியது தங்களுக்கு நினைவிருக்கலாம். அப்பெண் மன்றத்தை வணங்கி, மாமா, கூரைமேல் நின்றவன் கிணற்றுக்குள் விழுந்தால், கிணற்றின் ஆழத்தில் கூரையின் உயரத்தைக் கழித்தா அவன் விழுந்த தூரத்தைச் சொல்வீர்கள் என்று கேட்டாள். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். கிழார் சிரிக்கவில்லை.

கிழாரின் இளைய மகன், அண்ணியார் பிறந்த வீட்டுக்குத் தண்ணீர் இழுக்கிறார் என்று குத்தினான். அவள் அவன் பக்கம் திரும்பி, இருக்கட்டும் தம்பி, கீழ் முக்கால், கீழ் அரை, இவற்றில் எந்நாளில் ஏரியில் நீர் மிகுதி என்றாள். முக்காலே பெரிது, இதில் என்ன ஐயம் என்றான் அவன். அப்படியானால் கீழ் முக்கால் நிற்கும் நாளில் தலைகீழாகக் குதித்துப் பாரும், நெற்றி சொல்லும் என்றாள். இம்முறை மன்றம் முழுதும் சிரித்தது.

பிறகு அவள் நிதானமாக விளக்கினாள். கல்லில் காணும் ஒவ்வொரு எண்ணுக்கும் திசை ஒன்று, அளவு ஒன்று. திசையை நீக்கினால் மிஞ்சுவது வெற்றளவு. கோட்டிலிருந்து நீர் எவ்வளவு தொலைவு என்பதை அது சொல்லும்; மேலா கீழா என்பதைச் சொல்லாது. இரண்டு நாளும் நீர் ஒரே பக்கம் நின்றால் வெற்றளவுகளைக் கழிக்கலாம். கோட்டைத் தாண்டி இறங்கியிருந்தால் கூட்டியே ஆக வேண்டும். இரண்டரைக் கூறு இறங்கிக் கோட்டைத் தொட்டது, மேலும் நான்கு கூறு இறங்கியது, ஆக ஆறரை என்றாள். அரைக் கோலுக்கு ஐந்தே கூறு.

கிழார் சொல்லை மட்டும் நம்புகிறவர் அல்லர். கல்லில் முதல் நாள் நீர்க்கறை இருந்த இடத்திலிருந்து நீர்மட்டம் வரை கயிறு விட்டு, தம் ஆட்களைக் கொண்டே மும்முறை அளக்கச் செய்தார். மும்முறையும் ஆறரை. ஏழு தலைமுறையின் வாய்பாடு ஒரு முழக் கயிற்றில் தோற்றுத் தொங்கியது.

அதைக் கண்டு வேண்மாள், முன்னோர் சொன்னது தவறில்லை மாமா, அவர்கள் காலத்தில் நீர் கோட்டுக்குக் கீழ் இறங்கியதே இல்லை, அவர்கள் கண்ட ஏரிக்கு அது சரி என்றாள். அச்சலுகையைக் கிழார் கேட்கவில்லை. உண்மையாதலால் ஏற்றுக்கொண்டார். இத்தனை பேர் தலையசைத்த அவையில், மாமனாரின் கணக்கை மறுக்கும் துணிவும், மறுத்த பின் அவர் குடியின் பெயரைத் தாங்கிப் பிடிக்கும் பண்பும் ஒருத்தியிடமே கண்டது அவருக்கு வியப்பு. பெண்ணைப் பெற்றவருக்குப் பிள்ளையைப் பெற்றவர் வணக்கம் எழுதுவது இக்குடியில் வழக்கமில்லை. இவ்வோலையில் கிழார் எழுதுகிறார்: விழுப்பரையரே, வணக்கம்.

ஆகவே அறிக. வடமதகு இன்று காலை கிழாரின் கண்ணெதிரே அடைக்கப்பட்டது. அதனால் அவருடைய சொந்த வயல் நாற்பது மா வாடினும் அதற்கு ஈடு கேட்கப்படாது. தண்ணீர் நாளை நண்பகலுக்குள் தென்கரை வாய்க்காலைத் தொடும். ஏரிக்கரையில் நிற்கும் தங்கள் வில்லாட்களை வீடு திரும்பச் சொல்லி, உழவரை வாய்க்காலுக்கு அனுப்புக.

ஆவணித் திங்கள் வளர்பிறை ஏழாம் நாள், மதகு மன்றத்தில் பலர் அறியப் படித்துக்காட்டிப் பொறி ஒற்றப்பட்டது. முதற்பொறி மதகுக்கிழாருடையது. அதை அடுத்திருப்பது வேண்மாளின் பொறி. இனி இக்குடியிலிருந்து நீரளவு ஓலை எது வந்தாலும், அவள் பொறி அதில் இல்லையேல், கிழாரின் பொறியே இருந்தாலும் வாங்காது திருப்புக. இது கிழார் தம் குடிக்கு இட்ட ஆணை.