‘எப்பவும் பத்திரம்’ என்ற வரி

மார்ச் 4, செவ்வாய்
நகரி. காலையிலயே வெயில் சுள்ளுனு. ஹார்ட் டிஸ்க்ல அழிஞ்சதை மீட்டுத் தர்ற திருப்பதி ரெக்கவரி கடைக்காரர் போன். “மேடம், அந்தா போயிந்தி.” எல்லாம் போச்சு. சேலை பார்டர் டிசைன் இருபத்தாறும். நாலு மாசம் வரைஞ்சது.

பவர்லூம் ஷெட்ல யாரும் மூஞ்சி குடுத்துப் பேசல. முதலாளி அண்ணன் மட்டும் நேரா, “உன் கை பட்டுதான் போச்சு சுமதி.” கம்ப்யூட்டர்ல வரையறது நான் ஒருத்தி. அப்ப தப்பும் என்னுதுதான்னு நானே நெனச்சுக்கினு இருந்தேன்.

சோறு துன்ன புடிக்கல. அந்த இலவச பேக்கப் சாஃப்ட்வேரோட உதவிப் பக்கத்தை மறுபடி எடுத்தேன். இங்கிலீஷ்ல மொத வரியே, உங்க ஃபைலோட நகல் எப்பவும் பத்திரமா இருக்கும்னு. வேற ஒரு பக்கத்துல, அடியில, பொடி எழுத்துல: இங்க இல்லாதது அங்கயும் அழியும்.

அடப்பாவிங்களா!

எங்க ஷெட்ல டிசைனைக் கம்ப்யூட்டர்ல விட்டு வைக்க மாட்டோம். விட்டா மறுநாளே பக்கத்துத் தெரு தறியில அதே பார்டர் ஓடும். டெய்லி சாயங்காலம் ஹார்ட் டிஸ்க்ல ஏத்திட்டு, கம்ப்யூட்டரைத் தொடைச்சுடறது. டிஸ்க் முதலாளி பீரோவுல. இத்தினி நாளும் கையால ஏத்தினேன். போன மாசம்தான் இந்த சாஃப்ட்வேர் போட்டேன், தானா ஏத்திக்கும்னு. கம்ப்யூட்டர்ல அன்னிக்கு வரைஞ்சது ஒண்ணுதான் இருந்துது. டிஸ்க்லயும் அந்த ஒண்ணை மட்டும் வெச்சுக்கினு மீதியைத் தொடைச்சுடுச்சு. எப்பவும் பத்திரமாம்!

மார்ச் 5, புதன்
அந்தப் பக்கத்தை யார் வேணா திருத்தி அனுப்பலாமாம்! தம்பி குமார் சொன்னான், சித்தூர்ல காலேஜ் லேப்ல வேலை அவனுக்கு. “ஆனா நீ அனுப்பாத அக்கா. அந்த சாஃப்ட்வேர் எழுதறவங்கள்லாம் பெரிய ஆளுங்க, சிரிப்பாங்க.” சிரிக்கட்டுமே. போனது என் டிசைன்.

எட்டு தபா எழுதி எட்டு தபா அழிச்சேன். கடைசியில ‘எப்பவும் பத்திரம்’ அவுட். அதே இடத்துல, மொத வரியா: ‘கவனம். முதல் இடத்தில் இல்லாத ஃபைல்கள் இரண்டாவது இடத்திலும் அழிக்கப்படும்.’ இங்கிலீஷ்லதான்.

அனுப்பிட்டேன்! சிரிப்பு சிரிப்பா வருது.
நாளைக்கு: பால் கார்டு, கேஸ் புக்கிங், டிசைன் 3 திரும்ப வரையணும்.

மார்ச் 7, வெள்ளி
பதில்! எந்த ஊரு மனுசனோ. அந்த சாஃப்ட்வேரைப் பராமரிக்கிறவராம். “வரி சரியாகத்தான் இருக்கிறது. மூல ஃபைல்களைத் தினமும் யார் அழிப்பார்கள்?”

யாரா? நான் அழிப்பேன்யா! ரத்தம் கொதிச்சுது. உடனே எழுதல. ஒரு டீ. அப்புறம் உக்காந்து ஷெட் கதை மொத்தம் எழுதினேன். தறி, பக்கத்துத் தெரு, பீரோ, எல்லாம். கடைசியில ஒரு கேள்வி: “உங்க மொத வரியை மட்டும் படிச்சா எனக்கு எப்படித் தெரியும்?”

டிசைன் 3 முடிஞ்சுது. பழசை விட நல்லாக்கீது. கொடி கொஞ்சம் வளைஞ்சு வந்துக்கீது.

மார்ச் 9, ஞாயிறு
பதில் இல்ல. நூறு தபா பார்த்தேன். கொழம்பு அடி புடிச்சுது.

மார்ச் 10, திங்கள்
டிஸ்க்கை வாங்க திருப்பதி. பஸ் ஸ்டாண்ட்ல நிக்கறப்ப போன் மினுக்குச்சு. சேர்த்துக்கினாங்க! என் வரி, அப்படியே, மொத வரியா! கீழ அவரே எழுதிக்கீறாரு: “பழைய வரியை எழுதியது நான். தவறு உங்களுடையது இல்லை.”

ஐயோன்னு கத்திட்டேன். கண்டக்டர், “ஏமம்மா, லாட்டரியா?” ஆமான்னேன். அழுகையும் வந்துது. புத்தூர் வரைக்கும் அந்த ரெண்டு வரியையே படிச்சுக்கினு வந்தேன்.

மார்ச் 11, செவ்வாய்
முதலாளி அண்ணன்கிட்ட அந்தப் பதிலைப் படிச்சுக் காட்டினேன், தமிழ்ல சொல்லிச் சொல்லி. தறி சத்தம். ரெண்டாவது தபா கத்திப் படிச்சேன். சுத்தி நின்னவங்களும் கேட்டாங்க.

அண்ணன் முழுசா கேட்டு முடிச்சாரு. அப்புறம், “டெய்லி தொடைச்சுடுன்னு சொன்னது நானு.”

“ஆமாண்ணா.”

“அதனாலயும்தான் போச்சுன்னு ஏம்மா இத்தினி நாளா சொல்லல?”

“நீங்க கேக்கவே இல்லியேண்ணா.”