நடுச்சுவருக்கு போர்டு

நவ. 4, செவ்வாய்

விடியலிலிருந்து தூறல். ஜவ்வாது மலை இருக்கிற பக்கம் ஒரே வெள்ளை. வீட்டிலிருந்தே கஸ்டமர் கேர் வேலை, ஷிப்ட் ஒன்பதுக்கு.

முதல் போனிலேயே மாட்டிக்கொண்டேன். பார்சல் வரவில்லை என்று ஒரு கோயம்புத்தூர் அம்மா சொல்லிக்கொண்டிருக்கும்போதே சுவருக்கு அந்தப் பக்கம் கிரைண்டர். "ஏனுங், மாவாட்டிட்டே வேல பாக்கறீங்களாக்கும்?"

மதியம் சூப்பர்வைசர் மெசேஜ். பின்னணிச் சத்தம், இரண்டாவது எச்சரிக்கை. அடுத்த தடவை எச்சரிக்கை கிடையாது, ஐடியை மூடிவிடுவார்கள். அப்புறம் பழையபடி ஷூ கம்பெனி பஸ், விடியாத இருட்டில், பசை நாற்றம். போக மாட்டேன்.

அந்தப் பக்கம் மூத்த ஓரகத்தி வீடு. இட்லி மாவு வியாபாரம். பாகம் பிரித்தபோது மாமரம் யாருக்கு என்று எங்களுக்குள் வாய்ச்சண்டை. அன்றிலிருந்து பேச்சில்லை. கிரைண்டரை நிறுத்தச் சொல்லவும் முடியாது, அது அவள் பிழைப்பு. மாமனாருக்கு ஒரு மாதம் இங்கே சாப்பாடு, ஒரு மாதம் அங்கே. இந்த மாதம் அங்கே.

நவ. 6, வியாழன்

வீட்டுக்காரரோடு வேலூர் கடை. சத்தம் தடுக்கவென்றே ஜிப்சம் போர்டு தனியாக இருக்கிறது. விலையைக் கேட்டதும் இவர் கடைக்கு வெளியே போய் நின்றுகொண்டார். போர்டு அடிக்கும் வாணியம்பாடி பாய்க்கு போன் போட்டேன். சாதா போர்டையே இரண்டு அடுக்காக அடித்து, பின்னால் பஞ்சு அடைத்தால் ஓரளவு தாங்கும் என்றார். சரி.

வாங்கியது: சாதா போர்டு, தகரச் சட்டம், ஸ்க்ரூ, இடுக்கு அடைக்கிற பசை. மறந்தது: தார்ப்பாய்.

ஒடுகத்தூர் வருவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. இரண்டு போர்டு ஓரமெல்லாம் ஊறிய அப்பளம். "நீ சொல்லியிருந்தா தார்ப்பாய் எடுத்தாந்திருப்பேன்" என்றார் இவர். எல்லாவற்றையும் நான்தான் சொல்ல வேண்டும்.

நவ. 7, வெள்ளி

லீவு. சம்பளம் பிடிப்பு.

பாய் வேலை சுத்தம். கண்ணாடிப் பஞ்சு வாங்கக் காசில்லை என்றதும் முகம் சுளித்தார். பழைய இலவம்பஞ்சு மெத்தையைப் பிரித்துக் கொடுத்தேன். பஞ்சு சாம்பாரில், தலையில், மூக்கில். அறை ஒரு சாண் குறுகிவிட்டது. பீரோ கதவு பாதிதான் திறக்கிறது. புடவையை உருவி எடுக்க வேண்டியிருக்கிறது.

நவ. 9, ஞாயிறு

காலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கிரைண்டருக்காகக் காத்திருந்தேன். இத்தனை நாளில் முதல்முறையாக.

ஓடியது. துளிகூடக் குறையவில்லை. போர்டில் காதை வைத்தால் சத்தமே இல்லை, நிமிர்ந்தால் தலைக்கு மேலிருந்து கொட்டுகிறது.

பாய் மறுபடி வந்தார். ஏணி போட்டு, தெர்மாகோல் சீலிங்கில் ஒரு அட்டையைத் தூக்கினார். "யம்மா, சுவரு இத்தோட நின்னுபோச்சு. மேல ஓடு வரிக்கும் காலி. அந்த வூட்டு லைட்டு தெரியுது."

இவர் டீ குடித்துக்கொண்டே, "அது அப்பிடித்தான். அப்பா உசுரோட இருக்கற வரிக்கும் மோட்டுவளைக்குக் கீழ குறுக்கால சுவரு ஏறக்கூடாதுன்னுட்டாரு. பாகம் பிரிச்சா அப்பிடித்தான் வுடுவாங்க."

"இத்த முன்னாடியே சொல்றதுக்கு இன்னா?"

"நீ சுவத்துக்குத்தான போர்டு கேட்ட."

சுவர் எழுப்பும்போது நான் ஷூ கம்பெனியில். வந்து பார்த்தபோது சீலிங் போட்டாயிற்று. எனக்கு எப்படித் தெரியும்?

போய்ப் பாத்திரம் கழுவினேன். கழுவி வைத்ததையே.

சாயங்காலம் மாமனாரைத் தெருவில் பிடித்து, மேலேயும் போர்டு வைத்து அடைக்கட்டுமா என்று கேட்டேன். "நான் போனப்புறம் அடைச்சிக்கம்மா" என்றார், கடைக்குப் போய்விட்டு வருகிறேன் என்பதுபோல. எரிச்சல் எரிச்சலாக வந்தது. அவர் மேல், இவர் மேல், அந்தப் போர்டு மேல்.

நவ. 11, செவ்வாய்

மழை விட்டு நல்ல வெயில். தலையோடு கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஷிப்ட். வியர்வை, மூச்சு முட்டல்.

பதினொரு மணி வாக்கில் ஒருவன். பொருள் உடைந்து வந்ததாம். என்னை, என் அம்மாவை, எழுதக் கூசும் வார்த்தைகள். நாங்களாகப் போனை வைக்கக்கூடாது. "மன்னிச்சிக்கங்க சார், மன்னிச்சிக்கங்க சார்" என்று சொல்லிச் சொல்லிக் குரல் உடைந்துவிட்டது. கம்பளியைத் தள்ளிவிட்டு அழுதேன். அவன் நிறுத்தவில்லை.

கிரைண்டர் நின்றது.

மேலிருந்து ஓரகத்தி குரல். "எவன்டி அவன், உன்ன இந்த அழ வெக்கறவன்? போன என்கிட்ட குடு. இன்னான்னு நான் கேக்கறேன்."

அவனுக்கும் கேட்டுவிட்டது. கட் செய்துவிட்டான்.

எனக்கு ஆத்திரம், எல்லாம் ரெக்கார்டில் போயிருக்குமே என்று. கூடவே நெஞ்சு லேசாகிவிட்டது, அதையும் மறைப்பானேன்.

மதியம் சூப்பர்வைசர்: பின்னால் பேசியது யார், உடனே பதில் தேவை.

டிவி என்று அடித்தேன். டிவி என்றால் ஒருவேளை விட்டுவிடுவார்கள். அழித்தேன்.

எங்க அக்கா என்று அடித்து அனுப்பிவிட்டேன்.