சரிவுக் கூரையில் இன்னொரு கண்ணாடி ஓடு

என் அன்பு வாலுக்கு,

அப்பா எழுதுகிறேன். நாங்கள் நலம் என்று தொடங்குவதுதான் முறை. பாதி நலம் என்று வைத்துக்கொள். போனில் சொல்லலாம் என்றால் உன் அம்மா பக்கத்திலேயே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அதனால்தான் கடிதம்.

முதலில் வீட்டுச் சேதி. கூரையில் புதிதாக இரண்டு கண்ணாடி ஓடு போட்டாயிற்று. பழைய ஓடு போட்ட கதை நினைவிருக்கிறதா? நம் வீட்டுச் சரிவுக் கூரை தாழ இறங்கி ஜன்னலையெல்லாம் மறைத்ததால், பட்டப்பகலிலும் விளக்கைப் போட்டுக்கொண்டு கிடந்தோம். ஓட்டுக்காரர் வரும்வரை பொறுக்காமல் நானே ஏறினேன். ஒரு ஓட்டை உருவிவிட்டுக் கண்ணாடி ஓட்டைச் செருகினேன். பெரிய மேதாவி! அது சரியாக நாம் சாப்பிட உட்காரும் இடத்துக்கு மேலே அமைந்துவிட்டது. மத்தியானமானால் உச்சந்தலையில் வெயில். நீ குடையை விரித்துக்கொண்டு சாப்பிட்டாய். சிரித்துச் சிரித்து அம்மாவுக்குப் புரை ஏறிவிட்டது. "எங்க வீட்டுக்காரருக்கு வீட்டுக்குள்ளயே வெயில் காயணுமாம்" என்று தெருவெல்லாம் சொல்லிவைத்தாள்.

ஆனால் அந்த ஓட்டை மாற்றவிடவில்லை. தையல் மெஷினை அதற்குக் கீழே இழுத்துப் போட்டுக்கொண்டாள். வெளிச்சம் தரையில் நகர நகர, நீயும் பாடப்புத்தகத்தோடு நகர்ந்துகொண்டே போவாய். எவ்வளவு நல்ல நாட்கள் அவை!

கொஞ்ச காலமாக அம்மா, "வீடு இருட்டிக்கிட்டே வருதுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கண்ணாடியில் பாசி படிந்திருக்கும் என்று ஏறித் துடைத்தேன். போதவில்லை என்றாள். ஓட்டுக்காரரை அழைத்து, பழைய கண்ணாடி ஓட்டுக்குப் பக்கத்திலேயே இன்னொன்று போடவைத்தேன். அதுவும் போதவில்லை. எதிர்ச் சரிவிலும் ஒன்று போட்டோம். அன்றைக்கு எனக்கே கண் கூசியது. மூலையில் இருந்த ஒட்டடைகூடத் தெரிந்தது. அவளோ ஊசியில் நூல் கோக்க முடியாமல், "இன்னும் ஒண்ணு போடச் சொல்லுங்களேன்" என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. குறை கூரையில் இல்லையம்மா.

கண் டாக்டரிடம் போனோம். நரம்பில் பழுதாம். போன பார்வை போனதுதானாம். இருப்பதைச் சொட்டு மருந்து கொஞ்ச நாள் பிடித்துவைக்குமாம். எத்தனை நாள் என்று அவரும் சொல்லவில்லை, கேட்க எனக்கும் தைரியம் வரவில்லை. என் முகம் புகைக்கு அந்தப் பக்கம் இருப்பதுபோலத் தெரிகிறதாம். "இந்த மூஞ்சியைப் பாத்த வரைக்கும் போதும்" என்று கேலி வேறு!

உன்னிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறாள். "புது வேலை, பாவம், பதறிப்போயிடுவா" என்கிறாள். ஆனால் நான் தூங்கிவிட்டதாக நினைத்துக்கொண்டு, மத்தியானத்தில் உன் போட்டோவை அந்த வெளிச்சத்தில் பிடித்துச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கிறாள். என்னால் தாங்க முடியவில்லை. சத்தியமாவது, ஒன்றாவது!

நீ எங்கிருந்தாலும் குறைவில்லாமல் வாழ வேண்டும், மகளே. லீவு வரட்டும் என்று காத்திருக்காதே, உடனே புறப்படு. இருட்டின பிறகு வந்து சேருகிற வண்டி மட்டும் வேண்டாம். நல்ல வெயில் நேரத்தில் வீட்டுக்குள் நுழைகிற மாதிரி பார்த்து டிக்கெட் எடு.

உன் வரவை எதிர்பார்த்து,
அப்பா